ஓப்பனா, கீஹோலா? இடுப்பில் நரம்பு அழுத்தத்துக்கு எந்த ஆபரேஷன்

போன சித்திரையில் ஒரு லாரி ஓட்டுநர் என் மேசையில் இரண்டு எஸ்டிமேட் காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வயது 41. எம்.ஆர்.ஐ. படம் ஒன்றுதான். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க்குகளில் கடைசியானது, அதாவது எல்5-எஸ்1, வலது பக்கம் பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. ஆனால் இரண்டு மருத்துவமனையில் இரண்டு பதில். ஒரு இடத்தில், "மைக்ரோஸ்கோப் வைத்துச் சின்னதாகத் திறந்து எடுத்துவிடலாம்" என்றார்கள். இன்னொரு இடத்தில், "திறக்கவே வேண்டாம், எண்டோஸ்கோப் என்ற கேமரா பொருத்திய மெல்லிய கருவியை விட்டு எடுத்தால் மறுநாளே வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள். இரண்டாவது தொகை நன்றாகவே கூடுதல். "எதைச் செய்யறதுங்க மேடம்?" என்று கேட்டார்.

நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் எனக்கு இந்தக் கேள்வி மாதம் நாலைந்து முறையாவது வரும். லாரி, ரிக் வண்டி என்று அதிரும் இருக்கையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் நிறைந்த ஊர் இது. நான் கத்தி பிடிப்பவள் அல்ல. ஆபரேஷன் முடிந்த பிறகு ஆளை நடக்க வைப்பவள். சேலத்திலும் ஈரோட்டிலும் கோவையிலும் செய்துகொண்டு, எல்லா வகைத் தழும்போடும் வருகிறார்கள். அதனால் முதல் வாரம் எப்படி இருக்கும், ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கும் என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன். உங்கள் படத்தைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் மருத்துவர்தான். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆபரேஷன் வேண்டுமா என்பதே முதல் கேள்வி

டிஸ்க் பிதுங்கிக் காலுக்கு இறங்கும் வலி, அதாவது சயாட்டிகா, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். பிதுங்கிய துண்டை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். படத்தில் பார்க்கப் பயமாக இருக்கும் பெரிய துண்டுதான் பல நேரம் சீக்கிரம் கரைகிறது.

2007-இல் வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வை நான் வருகிறவர்களிடம் அடிக்கடி சொல்வதுண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வாரமாகக் கடுமையான கால்வலியில் இருந்த 283 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குச் சீக்கிரமே ஆபரேஷன். மீதிப் பேருக்கு மாத்திரை, பயிற்சி, பொறுத்திருத்தல். பொறுத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் கடைசியில் ஆபரேஷனுக்குப் போனார்கள். முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாக விட்டது. ஆனால் ஒரு வருடம் முடிந்து பார்த்தபோது இரண்டு பக்கமும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். ஆக, பலருக்கு ஆபரேஷனால் கிடைப்பது சில மாத வேதனையிலிருந்து விடுதலை. லாரிக்கு மாதத் தவணை கட்டுகிறவருக்கு அந்தச் சில மாதம் சின்ன விஷயமே இல்லை. அதனால் அவசரப்படுகிறவர்களை நான் குறை சொல்வதில்லை.

பொறுத்திருக்கக் கூடாத நிலைமைகளும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலேயே போவது. மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. தொடையிடுக்கும் ஆசனவாயைச் சுற்றிய இடமும் மரத்துப் போவது. இவற்றில் எது வந்தாலும் தண்டுவடத்தின் அடியில் இறங்கும் குதிரைவால் நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே ஓப்பனா கீஹோலா என்று பேரம் பேச நேரமில்லை. எது உடனே கிடைக்கிறதோ அதுதான் சரி. அடுத்தது, பாதம் தொங்கிப் போவது. "செருப்பு காலில் நிற்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். கட்டைவிரலைத் தூக்கச் சொன்னால் தூக்க வராது. வலி குறைந்துவிட்டதே என்று இதை விட்டுவிடாதீர்கள், ஒன்றிரண்டு நாளில் காட்டிவிடுங்கள்.

கழுத்தில் நரம்பு அழுத்தம் என்பது தனிக் கணக்கு. அங்கே தண்டுவடமே நசுங்கக்கூடும். சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறினால் தாமதிக்காதீர்கள். இந்தக் கட்டுரை இடுப்பைப் பற்றியது மட்டும்.

எதை வைத்து எடை போடுவது

பெரும்பாலோர் தழும்பின் நீளத்தையும் எத்தனை நாளில் டிஸ்சார்ஜ் என்பதையும்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அவை கடைசியில் பார்க்க வேண்டியவை.

முதலில் பார்க்க வேண்டியது, நரம்பை அழுத்துவது எது என்பது. மிருதுவான டிஸ்க் துண்டா, அல்லது வயதான முதுகில் தடித்துப்போன தசைநாரும் வளர்ந்துவிட்ட எலும்புமா? இரண்டாவது வகையில் முதுகெலும்புக்குள் நரம்புகள் போகும் வழி குறுகிவிடும், அதற்குக் கால்வாய் குறுகல் என்று பெயர். மருத்துவர்கள் ஸ்டெனோசிஸ் என்பார்கள். நடந்தால் கால் கனத்து மரத்துப் போகும், உட்கார்ந்தால் விட்டுவிடும். "சைக்கிள் எவ்வளவு தூரம் வேணாலும் மிதிக்கிறேன், நடக்கத்தான் முடியல" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது பெரும்பாலும் இதுதான். குனிந்த நிலையில் கால்வாய் கொஞ்சம் விரிவதுதான் காரணம்.

அப்புறம், எத்தனை இடத்தில் அழுத்தம், ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்பது. எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று நிலையாக நிற்கின்றனவா, நழுவி அசைகின்றனவா என்பதும் முக்கியம். இதை எம்.ஆர்.ஐ. முழுதாகக் காட்டாது. நின்று, குனிந்து, நிமிர்ந்து எடுக்கும் சாதாரண எக்ஸ்ரேதான் காட்டும். சர்க்கரை, உடல் எடை, இதயம், வயது ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடைசியாக, அந்த மருத்துவருக்கு எந்த முறையில் கை பழகியிருக்கிறது என்பது. இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதல் எடை கொடுப்பேன்.

மூன்று வழிகள்

பேச்சில் "ஓப்பன்", "கீஹோல்" என்று இரண்டாகச் சொன்னாலும் நிஜத்தில் மூன்று இருக்கிறது. 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், கால்வலிக்கு டிஸ்க் பிதுக்கம் காரணமாகலாம், அதை ஆபரேஷனில் எடுக்கலாம் என்று எழுதினார்கள். நீளமாகத் திறக்கும் முறை அங்கிருந்து பரவியது. 1977-இல் யாசர்கிலும் காஸ்பரும் மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்த முறையை வெளியிட்டார்கள். வெட்டு சிறிதானது. 1997-இல் ஃபோலியும் ஸ்மித்தும் குழாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கு நல்ல இடங்களில் ஒரு டிஸ்க்கை எடுக்க "ஓப்பன்" என்று சொன்னால், பெரும்பாலும் மைக்ரோஸ்கோப் முறையைத்தான் சொல்கிறார்கள். தாத்தா காலத்துப் பெரிய கீறலை நினைத்து யாரும் பயப்பட வேண்டாம்.

| | நீளத் திறப்பு | மைக்ரோஸ்கோப் | குழாய் / எண்டோஸ்கோப் |
|---|---|---|---|
| தோல் வெட்டு | 5 முதல் 10 செ.மீ., சில சமயம் கூடுதல் | 2 முதல் 4 செ.மீ. | குழாய்க்கு 2 செ.மீ., எண்டோஸ்கோப்புக்கு 1 செ.மீ. அளவில் |
| முதுகுத் தசை | எலும்பிலிருந்து உரித்து விலக்குவார்கள் | ஒரு பக்கம் கொஞ்சம் விலக்குவார்கள் | நார்களுக்கு இடையில் வழி விலக்குவார்கள் |
| மயக்கம் | முழு மயக்கம் | பெரும்பாலும் முழு மயக்கம் | சில எண்டோஸ்கோப் முறைகளில் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தால் போதும் |
| மருத்துவமனையில் | சுமார் 3 முதல் 5 நாள் | 1 அல்லது 2 நாள் | அன்றே அல்லது மறுநாள் |
| உள்ளே டிஸ்க் ஆற | 6 முதல் 12 வாரம் | 6 முதல் 12 வாரம் | 6 முதல் 12 வாரம் |

கடைசி வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள்.

நீளத் திறப்பு

இதன் பலம், மருத்துவருக்கு எல்லாம் கண்முன்னால் தெரிவது. மூன்று நான்கு இடத்தில் கால்வாய் குறுகியிருந்தாலோ, பழைய ஆபரேஷன் தழும்பு உள்ளே ஒட்டிக்கிடந்தாலோ, கட்டியோ சீழோ இருந்தாலோ, எலும்பு கோணியிருந்தாலோ இதுதான் பாதுகாப்பானது. நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து தண்டுவட நீர் கசிந்தால் இதில் தைத்து மூட எளிது. குறுகிய குழாய்க்குள் ஊசி நூல் பிடிப்பது கடினம். ஆனால் சிறு ஓட்டையில் நீர் தேங்க இடமும் குறைவு என்பதால், சின்னக் கிழிசல்கள் ஒட்டு வைத்து ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

பலவீனம் தசையில் இருக்கிறது. முதுகெலும்பின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மல்டிஃபிடஸ் என்ற தசைதான் ஒவ்வொரு எலும்பையும் இழுத்துப் பிடித்து நிறுத்துகிறது. நீளத் திறப்பில் அதை உரித்து, மணிக்கணக்கில் இழுத்து வைக்கிறார்கள். பிறகு அது மெலிந்து போவதை என் விரல்களால் தொட்டே உணர முடிகிறது. நரம்பு வலி போயும் "இடுப்பு மட்டும் பிடிச்சுக்குது" என்று வருபவர்களிடம் பல நேரம் இதைத்தான் பார்க்கிறேன். ரத்த இழப்பும் காயத்தில் கிருமி தொற்றும் வாய்ப்பும் இதில் கூடுதல்.

மைக்ரோஸ்கோப்

ஒரே இடத்தில் பிதுங்கிய டிஸ்க்குக்கு உலகெங்கும் இன்னமும் அளவுகோல் இதுதான். பழகிய கைகள் அதிகம், மாவட்டத் தலைநகரங்களிலேயே செய்கிறார்கள், செலவும் நடுத்தரம். இதைப் பற்றி நீட்டிச் சொல்ல எதுவும் இல்லை. இதைவிட மேலானது என்று இன்னொன்றை யாராவது சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் அவர்தான்.

குழாயும் எண்டோஸ்கோப்பும்

தசை பிழைக்கிறது, ரத்தம் குறைவாகப் போகிறது, மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பருமனானவர்களுக்கும் காயம் சிறிதாக இருப்பது பெரிய நன்மை. முழு மயக்கம் தாங்காத இதயம் உள்ள முதியவருக்கு, விழித்திருக்கும்போதே செய்யும் எண்டோஸ்கோப் முறை சில நேரம் ஒரே வழியாகவே இருக்கும். நரம்பில் பட்டால் அவரே "கால் சுண்டுது" என்று சொல்லிவிடுவார்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? அதே நெதர்லாந்தில் 328 பேரை வைத்துக் குழாய் முறையையும் மைக்ரோஸ்கோப்பையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியிட்டார்கள். குழாயில் செய்தவர்கள் வேகமாகத் தேறுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பலிக்கவில்லை. ஒரு வருடத்தில் அவர்களுக்குக் கால்வலியும் முதுகுவலியும் ஒரு பொட்டு கூடுதலாகவே இருந்தது. 2022-இல் 613 பேரை வைத்து வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வு, பக்கவாட்டில் செலுத்தும் எண்டோஸ்கோப்பைப் பார்த்தது. ஒரு வருடத்தில் கால்வலி குறைந்ததில் அது மைக்ரோஸ்கோப்புக்குச் சளைக்கவில்லை. மருத்துவமனை நாள்களும் ரத்த இழப்பும் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படித்தால் எனக்குக் கிடைக்கும் தீர்ப்பு இது: தேர்ந்த கையில் எண்டோஸ்கோப் நல்ல முறை, ஆனால் வருட முடிவில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் நடையை வைத்து யாருக்கு எது செய்தார்கள் என்று சொல்ல முடியாது.

தேர்ந்த கை என்று சொன்னது முக்கியம். எண்டோஸ்கோப் கற்றுத் தேற நாளெடுக்கும் வித்தை. ஒரு தறிக்காரர் இந்த முறையில் செய்துகொண்டு வந்தார். முதல் நாளிலிருந்தே கால்வலி குறையவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்தால், கீழே இறங்கிப் போன ஒரு துண்டு அப்படியே கிடந்தது. இரண்டாவது ஆபரேஷன், இரண்டாவது கடன். அப்படி இடம்விட்டு நகர்ந்த துண்டு எல்லோருடைய கைக்கும் எட்டாது. லேசர் என்று விளம்பரம் செய்வதும் வேறு. ஊசி வழியாக டிஸ்க்கைச் சுருக்கும் முறை அது. பிய்ந்து வெளியே வந்த துண்டுக்கோ எலும்புக் குறுகலுக்கோ அதை நம்பிப் போகாதீர்கள்.

ஓட்டை சின்னது, உள்ளே ஸ்க்ரூ

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாந்து போவதைப் பார்க்கிறேன். "மினிமலி இன்வேசிவ்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, நரம்பின் மேலிருக்கும் அழுத்தத்தை மட்டும் எடுப்பது. இன்னொன்று, அதோடு ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து எலும்புகளை ஒன்றாக இணைப்பது. நாலு சின்ன ஓட்டை வழியாக ஸ்க்ரூ வைப்பது, ஸ்க்ரூ இல்லாத ஐந்து அங்குலத் திறப்பைவிடப் பெரிய ஆபரேஷன்.

ஸ்வீடனில் கால்வாய் குறுகல் உள்ள 247 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-இல் வந்தது. எலும்பு சற்று நழுவியிருந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஸ்க்ரூ வைத்தவர்கள் இரண்டு வருடத்தில் கூடுதலாக எதையும் பெறவில்லை. மருத்துவமனையில் தங்கியது மட்டும் சராசரி 4.1 நாளுக்குப் பதில் 7.4 நாள். நழுவல் உள்ள 267 பேரை வைத்து நார்வேயில் நடந்து 2021-இல் வந்த ஆய்வும், அழுத்தத்தை மட்டும் எடுப்பது குறைந்ததல்ல என்றே முடித்தது. எல்லோருக்கும் ஸ்க்ரூ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலும்பு நிஜமாகவே அசைந்தால், இளவயதில் விரிசலால் நழுவியிருந்தால், அழுத்தத்தை எடுக்கும்போதே முதுகெலும்பின் மூட்டுகளை நிறையச் செதுக்க வேண்டியிருந்தால் அது தேவைதான்.

68 வயது அம்மா ஒருவர், சர்க்கரை உள்ளவர். "கீஹோல்தான், ஆறு ஸ்க்ரூ" என்று எஸ்டிமேட் வாங்கி வந்தார் மகன். நின்று குனிந்த எக்ஸ்ரே எடுத்தார்களா என்று கேட்டேன். எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போனார்கள். எலும்பு அசையவில்லை. ஒரு பக்கமாக நுழைந்து இரண்டு பக்க அழுத்தத்தையும் எடுத்தார்கள், ஸ்க்ரூ இல்லாமல். இன்று உழவர் சந்தைக்கு நடந்து போய்க் காய் வாங்கி வருகிறார்.

எஸ்டிமேட்டில் இல்லாத செலவுகள்

எண்டோஸ்கோப்பில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் கருவிகளுக்குத் தனி பில் வரலாம். காப்பீட்டில் எது அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். பல பாலிசிகளில் டிஸ்க் தொடர்பான சிகிச்சைக்கு முதல் இரண்டு வருடம் காத்திருப்புக் காலம் உண்டு. அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்து நீங்கள் அதைவிட உயர்ந்த அறை எடுத்தால், மருத்துவர் கட்டணம் போன்ற மற்ற செலவுகளிலும் அந்த விகிதத்தில் குறைத்துத் தரலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. உங்களுக்குச் சொன்ன முறை அதன் பட்டியலில் இருக்கிறதா என்று மருத்துவமனையில் உள்ள திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

ஓப்பனின் மறைமுகச் செலவு வேறு மாதிரி. கூடுதல் நாள்கள், கூட இருப்பவரின் கூலி இழப்பு, ஊரிலிருந்து வந்து தங்கும் செலவு, நீளும் பிசியோதெரபி. தினக்கூலிக் குடும்பத்தில் இதைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு எஸ்டிமேட்டுக்கும் இடையிலான வித்தியாசம் பாதியாகக் குறைவதும் உண்டு.

கீஹோலின் மறைமுகச் செலவு, மிதப்பு. தழும்பு சின்னது, வலி இல்லை, ஆள் மூன்றாம் நாளே பைக் எடுத்துவிடுவார். பன்னிரண்டாம் நாள் கேஸ் சிலிண்டரைத் தூக்கி மாடிக்கு ஏற்றிய ஒருவருக்கு அதே இடத்தில் டிஸ்க் மறுபடி பிதுங்கியது. வெளித்தோல் பத்து நாளில் ஒட்டிவிடும், உள்ளே டிஸ்க்கின் கிழிந்த வளையத்துக்கு அந்த 6 முதல் 12 வாரம் வேண்டும். தண்ணீர்க் குடம், அரிசி மூட்டை, தரையில் நெடுநேரம் சம்மணம், வேகத்தடையில் பைக், இவையெல்லாம் எந்த முறையில் செய்திருந்தாலும் தள்ளித்தான் போட வேண்டும்.

யாருக்கு எது

ஒரே இடத்தில், ஒரு பக்கம், மிருதுவான டிஸ்க் என்றால் மைக்ரோஸ்கோப்போ எண்டோஸ்கோப்போ, உங்களுக்கு எட்டும் தூரத்தில் எதில் நல்ல கை இருக்கிறதோ அது. கை ஒரே தரம் என்றால் செலவு குறைந்தது. வயதானவர், சர்க்கரை, பருமன், ஒன்றிரண்டு இடத்தில் குறுகல் என்றால் தசையைக் காக்கும் சின்ன வழிகள் பக்கம் நான் சாய்வேன், அதற்காகச் சற்றுக் கூடுதலாகச் செலவழிக்கலாம். பல இடத்தில் குறுகல், இரண்டாவது முறை ஆபரேஷன், கோணல், கட்டி என்றால் தயங்காமல் ஓப்பன். நியூரோ சர்ஜனா, எலும்பு மருத்துவரா என்றும் கேட்கிறார்கள். முதுகுத்தண்டே தொழிலாக இருக்கும் எவரும் சரிதான்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். என் நரம்பை அழுத்துவது எது, எந்த இடத்தில்? எவ்வளவு எலும்பை எடுப்பீர்கள், ஸ்க்ரூ உண்டா, ஏன்? இந்த முறையை நீங்கள் மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? நடுவில் சிக்கல் வந்தால் ஓப்பனாக மாற்றுவீர்களா, அப்போது பில் எவ்வளவு? போகப் போவது கால்வலியா, இடுப்புவலியா? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில், பெரும்பாலும் கால்வலி என்பதுதான். இடுப்புவலிக்காக மட்டும் டிஸ்க்கை எடுத்தவர்கள்தான் என்னிடம் அதிக ஏமாற்றத்தோடு வந்திருக்கிறார்கள்.

அந்த லாரி ஓட்டுநருக்கு அன்று வலி தொடங்கி ஏழு வாரம் ஆகியிருந்தது. வலது நுனிக்காலில் நிற்க முடிந்தது, சிறுநீரில் தொந்தரவு இல்லை. இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம் என்று அவருடைய மருத்துவரும் சொன்னார். மூன்று வாரம் கழித்தும் இரவில் தூங்க முடியாததால் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டார். இரண்டு மருத்துவர்களிடமும் அதே கேள்விகளைக் கேட்டார். எண்டோஸ்கோப் சொன்னவர் அதை அண்மையில்தான் தொடங்கியிருந்தார், அதை மறைக்காமல் சொன்னதும் நல்ல மனசுதான். மைக்ரோஸ்கோப் சொன்னவர் வாரத்துக்கு மூன்று நான்கு செய்பவர். அவரிடமே செய்துகொண்டார். இப்போது பதினோராவது வாரம். நேற்று என் கிளினிக் வாசலில் சுவரைத் தொட்டுக்கொண்டு வலது நுனிக்காலில் இருபது முறை எழும்பி நின்றார். அடுத்த வாரம் ஈரோடு வரை ஒரு நடை ஓட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். லோடு ஏற்ற இறக்க வேறு ஆள், வழியில் இரண்டு முறை இறங்கி நடக்க வேண்டும்.